சீட்டு யார் கையில்? ஜெர்மனியின் மின்மருந்துச்சீட்டு: ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஜனவரி 1 முதல் ஜெர்மனியில் சட்டபூர்வ நலக்காப்பீட்டில் உள்ள ஒருவருக்கு மருத்துவர் மருந்து எழுதினால், அது மின்மருந்துச்சீட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. அந்தத் தேதிக்குச் சில நாட்களே இருந்தபோது கணக்குப் பார்த்தார்கள். ஜூலையில் பெர்லின்-பிராண்டன்பர்க் வட்டாரத்தில் சோதனை தொடங்கியிருந்தது. மருத்துவர் எழுதி, மருந்தகம் மருந்து கொடுத்து, காப்பீட்டுக் கழகம் பணமும் கொடுத்து முழுச் சுற்று முடிந்த சீட்டுகள் அதுவரை மொத்தம் 42. எண்பத்து மூன்று மில்லியன் மக்கள், ஏறக்குறைய 18,500 மருந்தகங்கள் உள்ள நாட்டில் நாற்பத்திரண்டு சீட்டு. அமைச்சகம் கட்டாயத்தைத் தள்ளிவைத்தது. குறைந்தது 30,000 சீட்டுகளாவது பணப்பட்டுவாடா வரை சிக்கலில்லாமல் போய்ச் சேர்ந்த பிறகே அடுத்த கட்டம் என்று ஒரு வரம்பு வைக்கப்பட்டது.

கடைசியில் கட்டாயம் வந்தது 2024 ஜனவரி 1 அன்று. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளின் இழுபறிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: "மென்பொருள் தயாராகவில்லை", "தரவுப் பாதுகாப்பு அதிகாரிகள் குறுக்கே நின்றார்கள்". இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஆவணங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் தெரிவது வேறு. யார் எழுதலாம், எப்படிக் கையெழுத்திடலாம் என்பதற்குச் சட்டம் மிக நுணுக்கமாக விதி செய்தது. எழுதிய சீட்டு நோயாளியின் கைக்கு எப்படி வரும், அதை மருந்தகத்தில் எடுக்க வந்தவர் உரியவர்தான் என்று எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு அரைகுறை விடையோடு களத்தில் இறங்கியது. தாமதத்தின் பெரும்பகுதி அந்த இடத்தில்தான் விழுந்தது.

ரோஸ் நிறச் சீட்டு செய்துவந்த வேலைகள்

பழைய முறையில் மருத்துவர் தருவது ரோஸ் நிறத்தில் கையகல அச்சுப் படிவம். ஒரு சீட்டில் மூன்று மருந்துகள் வரை எழுதலாம். அது மருத்துவரின் உத்தரவு. நோயாளியின் கையில் இருக்கும்வரை, மருந்து பெறும் உரிமைக்கு அதுவே அத்தாட்சி. மருந்தகத்தில் கொடுத்ததும் அதன் மேல்மூலையில் மருந்தின் எண்ணும் விலையும் அச்சாகும், அப்போது அது பில். மாதக் கடைசியில் கட்டுக்கட்டாகக் கணக்கு மையத்துக்குப் போய் ஸ்கேன் ஆகும்போது காப்பீட்டுக் கழகத்தின் தணிக்கை ஆவணம்.

ஒரே காகிதம் நான்கு வேலை செய்ததால், அந்த நான்கையும் தனித்தனியே யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. யார் கையில் சீட்டு இருக்கிறதோ அவருக்கு மருந்து. பாட்டிக்குப் பேரன் வாங்கலாம், பக்கத்து வீட்டுக்காரரும் வாங்கலாம். அடையாள அட்டை கேட்பதில்லை. மின்மயமாக்கும்போது இந்த நான்கு வேலையும் நான்கு தனி விதிகளாகப் பிரிந்தன. அவற்றில் இரண்டாவதுதான், அதாவது மருந்து பெறும் உரிமைக்கான அத்தாட்சிதான், கைவிட்டது.

வாக்குறுதிக்கு வயது இருபது

2001 ஆகஸ்டில் பாயர் நிறுவனம் தன் கொழுப்புக் குறைப்பு மருந்தான செரிவாஸ்டாட்டினைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. தசைச் சிதைவால் மரணங்கள் நேர்ந்திருந்தன. வேறொரு மருந்தோடு சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து கூடுதல். யார் என்னென்ன மருந்தைச் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள் என்று ஒரே இடத்தில் பார்க்க வழியில்லையே என்ற கேள்வி அப்போது எழுந்தது. 2003இல் நிறைவேறிய நலத்துறைச் சீர்திருத்தச் சட்டம், சில்லு பதித்த காப்பீட்டு அட்டையும் அதோடு மின்மருந்துச்சீட்டும் 2006 ஜனவரி 1க்குள் வரும் என்றது. 2005இல் இதற்கென்றே கெமாடிக் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. மருத்துவர்கள், மருந்தாளுநர்கள், மருத்துவமனைகள், காப்பீட்டுக் கழகங்கள் எல்லோரும் அதில் பங்காளிகள். ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். 2009இல் வந்த புதிய கூட்டணி அரசு மின்மருந்துச்சீட்டைக் கிடப்பில் போட்டது.

சுகாதார அமைச்சர் யென்ஸ் ஷ்பான் 2019இல் கெமாடிக்கின் 51 சதவீதப் பங்கை அமைச்சகத்துக்கு எடுத்துக்கொண்ட பிறகே வண்டி நகர்ந்தது. 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நோயாளர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 ஜனவரியைக் கெடுவாக வைத்தது.

கையெழுத்துக்கு எத்தனை பூட்டு

சட்டம் எதில் கவனமாக இருந்தது என்று பார்த்தால் இந்தப் பகுதியில் குறை சொல்வது கடினம். மின்மருந்துச்சீட்டில் மருத்துவர் இட வேண்டியது தகுதிபெற்ற மின்கையொப்பம், அதாவது ஐரோப்பியச் சட்டப்படி கைப்படக் கையெழுத்துக்குச் சமமானது. அதற்கு ஒவ்வொரு மருத்துவருக்கும் சொந்தப் பெயரில் தொழில் அட்டை வேண்டும். மருத்துவமனையின் பெயரில் உள்ள நிறுவன அட்டை போதாது. அட்டையைச் செருகி ரகசிய எண்ணை அழுத்த வேண்டும். நலத்துறைக்கென்று உள்ள மூடிய வலைப்பின்னலில் நுழைய, ஒவ்வொரு கிளினிக்கிலும் மருந்தகத்திலும் கனெக்டர் என்ற பெட்டி இருக்க வேண்டியிருந்தது.

காகிதக் காலத்தில் உதவியாளர் சீட்டுகளை அச்சடித்து வைப்பார். மருத்துவர் ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவில் வந்து நின்றபடியே பத்துச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். ஒவ்வொரு மின்சீட்டுக்கும் ரகசிய எண் கேட்டால் இந்த ஓட்டம் நின்றுபோகும். அதனால் எளிய கையொப்ப முறை என்று ஒன்று வந்தது: காலையில் ஒருமுறை எண்ணை அழுத்தினால் 24 மணி நேரத்தில் 250 கையொப்பங்கள் வரை அது போதும். இது நல்ல ஏற்பாடு. ஆனால் எல்லோரும் இதைப் பயன்படுத்தவில்லை. பலர் சீட்டுகளைச் சேர்த்துவைத்து, மதிய உணவுக்கு முன்போ மாலையிலோ மொத்தமாகக் கையொப்பமிடும் முறையைப் பிடித்துக்கொண்டார்கள். கையொப்பம் இல்லாத சீட்டு, சீட்டுகளைச் சேமித்து வைக்கும் மையக் கணினிக்கே போகாது. அதன் விளைவு 2024 ஜனவரியில் தெரியவந்தது.

நோயாளிக்கு எப்படிப் போய்ச் சேரும்?

மற்ற நாடுகள் இந்தக் கேள்விக்கு என்ன விடை சொன்னார்கள்? எஸ்டோனியா 2010 ஜனவரி 1 அன்று தொடங்கியது. அங்கே நோயாளி கையில் எதுவும் தூக்கிப் போக வேண்டாம். தேசிய அடையாள அட்டையைக் காட்டினால், மருந்தாளுநர் அந்த எண்ணை வைத்து மையத்திலிருந்து சீட்டை எடுப்பார். இங்கிலாந்தில் நோயாளி ஒரு மருந்தகத்தை முன்கூட்டியே நியமித்து வைத்துக்கொள்கிறார், சீட்டு நேரே அங்கே போகிறது. நியமிக்காதவருக்கு ஒரு குறியீடு அச்சிட்ட காகிதம் தருகிறார்கள்.

ஜெர்மனியால் இங்கிலாந்தின் வழியில் போக முடியாது. மருத்துவர் நோயாளியைக் குறிப்பிட்ட மருந்தகத்துக்கு அனுப்பக் கூடாது, மருத்துவரும் மருந்தகமும் சீட்டுகளைப் பற்றி உடன்பாடு செய்துகொள்ளக் கூடாது என்பது அங்கே மருந்தகச் சட்டத்தின் பழைய தூண். 2020 சட்டம் அதை இன்னும் இறுக்கி, மூன்றாம் ஆள் சீட்டுகளைத் திரட்டி மருந்தகங்களுக்குத் தரகு செய்வதையும் தடைசெய்தது. இணைய மருந்தகங்களின் கை ஓங்கிவிடும் என்ற அச்சம் அதன் பின்னால் இருந்தது. நியாயமான அச்சம் என்றே நினைக்கிறேன், ஊர் மூலையில் உள்ள சிறு மருந்தகங்கள் அங்கே ஏற்கெனவே ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. எனவே சீட்டின் சாவி நோயாளியின் கையிலேயே இருக்க வேண்டும், எந்த மருந்தகத்தில் திறப்பது என்று அவரே முடிவு செய்ய வேண்டும் என்று வகுத்தார்கள்.

கோட்பாடாக இது அழகு. நடைமுறையில் சாவி இரண்டு வடிவத்தில் வந்தது. ஒன்று, கெமாடிக்கின் கைபேசிச் செயலி. அதில் நுழையத் தொடாமல் படிக்கும் சில்லு உள்ள புதிய காப்பீட்டு அட்டையும் அதற்கான ரகசிய எண்ணும் வேண்டும். ரகசிய எண்ணைப் பெற அடையாளச் சரிபார்ப்பு நடைமுறை தனி. அதை வாங்கியிருந்தவர்கள் மிகக் குறைவு. இன்னொன்று காகிதம். ஆம், மின்மருந்துச்சீட்டை அச்சடித்துக் கொடுத்தார்கள்.

அந்தத் தாளைச் சற்று அருகில் பார்க்கலாம். சதுரக் குறியீடுகள் மருந்துக்கு ஒன்றாக மூன்று வரை இருக்கும். எல்லாவற்றையும் ஒரே வீச்சில் படிக்கும் பெரிய குறியீடு ஒன்று மேலே இருக்கும். நோயாளி பெயர், மருத்துவர் பெயர், மருந்தின் பெயர். கையெழுத்து இல்லை, ஏனென்றால் கையொப்பம் மையக் கணினியில் உள்ள தரவில்தான் இருக்கிறது. குறியீட்டுக்குள் இருப்பது சீட்டின் எண்ணும் அதைத் திறக்கும் அனுமதிக் குறியும் மட்டுமே. இந்தத் தாளைப் படமெடுத்தாலே போதும், மருந்து வாங்கலாம். ரோஸ் சீட்டுக்கு நகல் கிடையாது, இதற்கு எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம். முதலில் வந்து திறந்தவருக்கே மருந்து.

இரண்டு வட்டாரம், இரண்டு நிறுத்தம்

2022 செப்டம்பர் 1 முதல் நாட்டின் எல்லா மருந்தகங்களும் மின்சீட்டை ஏற்கத் தயாராக இருக்க வேண்டும் என்றும், மருத்துவர்கள் பக்கம் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன், வெஸ்ட்ஃபாலன்-லிப்பே ஆகிய இரு வட்டாரங்களில் தொடங்கும் என்றும் முடிவானது.

முதலாவது தொடங்கவே இல்லை. அச்சடிப்பதைத் தவிர்க்க ஒரு வழி பார்த்திருந்தார்கள்: குறியீட்டை நோயாளிக்கோ மருந்தகத்துக்கோ மின்னஞ்சலில் அனுப்புவது. மாநிலத் தரவுப் பாதுகாப்பு அலுவலகம் கேட்ட கேள்வி எளியது. சந்தையில் கிடைக்கும் மருந்தகச் செயலி ஒன்றால் அந்தக் குறியீட்டைப் படித்தால் பெயர், பிறந்த தேதி, மருந்து எல்லாம் தெரிகிறதே, அதைப் பூட்டில்லாத மின்னஞ்சலில் எப்படி அனுப்புவீர்கள்? ஆகஸ்ட் 22 அன்று அந்த வட்டாரத்தில் சட்டபூர்வக் காப்பீட்டு நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களின் கழகம் விலகிக்கொண்டது. காகிதத்தை ஒழிக்க வந்த திட்டத்துக்காகக் காகிதம் அச்சடித்துக்கொண்டிருக்க முடியாது என்பது அவர்கள் பக்க வாதம்.

வெஸ்ட்ஃபாலன்-லிப்பேயில் சுமார் 250 கிளினிக்குகளோடு தொடங்கினார்கள். அங்கே எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருந்தது மூன்றாவது வழி: நோயாளி தன் காப்பீட்டு அட்டையை மருந்தகத்தில் செருகினால் போதும், ரகசிய எண் வேண்டாம், சீட்டு திரையில் வந்துவிடும். எஸ்டோனியாவின் எளிமை. கெமாடிக் இதற்குத் தொழில்நுட்ப வரையறை எழுதியது. கூட்டாட்சித் தரவுப் பாதுகாப்பு ஆணையர் உல்ரிச் கெல்பர் அதற்கு ஒப்புதல் தர மறுத்தார். தகவல் பாதுகாப்பு அலுவலகமும் அவர் பக்கம் நின்றது. நவம்பர் 3 அன்று அந்த வட்டாரமும் நிறுத்தியது.

பத்திரிகைகளில் கெல்பருக்கு நல்ல அடி விழுந்தது. மருந்து கிடைக்காமல் மக்கள் அவதிப்படுகையில் இவர் சட்டப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார் என்ற தொனி. ஆனால் ஆட்சேபத்தின் சாரத்தைப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. அந்த வரையறைப்படி, அட்டை உண்மையிலேயே செருகப்பட்டதா என்பதை மையக் கணினியால் உறுதியாகச் சரிபார்க்க முடியாது. மருந்தகத்தின் கணினி சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதுதான். காப்பீட்டு எண் என்பது ஓர் எழுத்தும் ஒன்பது இலக்கமும். அது அட்டையின் மேலேயே அச்சாகியிருக்கிறது. அந்த எண் தெரிந்தால் போதும், வலைப்பின்னலுக்குள் இருக்கும் ஏதோ ஒரு மருந்தகத்தின் கணினியிலிருந்து யாருடைய இன்னும் மருந்து வாங்காத சீட்டுகளையும் பார்க்கலாம். பதினெட்டாயிரம் கதவுகளில் ஒன்று சரியாகப் பூட்டாமல் இருந்தாலும் போதும். ஓர் அரசியல்வாதி என்ன மனநல மருந்து சாப்பிடுகிறார் என்று அறிய விரும்பும் ஆள் எங்காவது இருப்பார்தானே.

தீர்வு பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. அட்டை செருகப்படும்போது காப்பீட்டுக் கழகத்தின் சேவையகம் நேரக் குறிப்போடு மறைகுறியீட்டால் காக்கப்பட்ட ஒரு சரிபார்ப்பு எண்ணைத் தரும். மருந்தகம் அதைச் சேர்த்து அனுப்பினால்தான் மையம் சீட்டுகளைக் காட்டும். 2023 ஜூலை 1 முதல் இந்த வழி திறந்தது. இரண்டு வட்டாரத்தில் நிறுத்தம், சில மாத வேலை, ஒரு எண். இதை முதலிலேயே வரையறையில் எழுதியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்ற கேள்விக்கு எங்கேயும் திருப்தியான பதிலை நான் படிக்கவில்லை.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. அதுவரை கெமாடிக் இத்தகைய வரையறைகளுக்குத் தரவுப் பாதுகாப்பு ஆணையரின் சம்மதத்தைப் பெற்றே ஆக வேண்டும். 2023 டிசம்பரில் நிறைவேறிய டிஜிட்டல் சட்டம் அதைக் கலந்தாலோசனையாகக் குறைத்து, ஒரு டிஜிட்டல் ஆலோசனைக் குழுவையும் அமைத்தது. "வேண்டாம்" என்று சொல்லி ஓட்டையை அடைத்தவரிடமிருந்து "வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரத்தை எடுத்துவிட்டார்கள். வேகம் வேண்டும் என்ற அப்போதைய சுகாதார அமைச்சர் கார்ல் லாவுடர்பாக்கின் அவசரம் புரிகிறது. ஆனாலும் இந்த நிகழ்விலிருந்து எடுத்த பாடமாக இதைச் சொல்வது விசித்திரம்.

2024 ஜனவரி: கவுண்ட்டரில் நடந்தது

அட்டை வழி வந்ததும் எண்ணிக்கை எகிறியது. கட்டாயமான முதல் ஆண்டில் ஏறக்குறைய 50 கோடிச் சீட்டுகள் மருந்தாக மாறின. நாற்பத்திரண்டில் தொடங்கிய கதை. தயாராக இல்லாத மருத்துவர்களுக்கு ஊதியத்தில் ஒரு சதவீதப் பிடித்தம் என்ற விதியும் இருந்தது. ஆனால் நோயாளி கையில் எதுவும் செய்யாமலேயே சீட்டு வந்துசேர்ந்ததுதான் இந்த மாற்றத்துக்கு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

முதல் வாரங்கள் சுமுகமாக இல்லை. நாடெங்கும் திரும்பத் திரும்ப நடந்த காட்சி இது: நோயாளி மருத்துவரைப் பார்த்துவிட்டு நேரே கீழ்த்தளத்து மருந்தகத்துக்கு வருகிறார். அட்டையைச் செருகுகிறார். மருந்தாளுநர் திரையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒன்றும் இல்லையே" என்கிறார். நோயாளி மறுபடி மாடி ஏறுகிறார். "அனுப்பிவிட்டோமே" என்கிறார் வரவேற்பில் இருப்பவர். உண்மையில் சீட்டு எழுதப்பட்டிருக்கும், ஆனால் மருத்துவர் மதியம்தான் மொத்தமாகக் கையொப்பமிடுவார்.

இதில் கவனிக்க வேண்டியது, மருந்தாளுநருக்குத் திரையில் தெரிந்தது வெறுமை மட்டும்தான். எழுதவே இல்லையா, எழுதிக் கையொப்பமிடாமல் இருக்கிறதா, வலைப்பின்னல் கோளாறா, எதுவும் தெரியாது. காகிதச் சீட்டில் கையெழுத்து விட்டுப்போனால் கண்ணாலேயே தெரியும். ஃபோன் செய்து கேட்டு, மருத்துவரின் எரிச்சலை வாங்கிக் கட்டிக்கொள்வது மருந்தகத்தின் வேலையாயிற்று.

இன்னொரு பிரச்சினை பூட்டு. ஒரு மருந்தகம் சீட்டை எடுத்துவிட்டால் அது மையத்தில் பூட்டிக்கொள்ளும், வேறு மருந்தகம் எடுக்க முடியாது. இரட்டை விற்பனையைத் தடுக்க இது கட்டாயம் வேண்டும். ஆனால் மருந்து கையிருப்பில் இல்லையென்றால் முதல் மருந்தகம் அதை முறையாகத் திருப்பி விட வேண்டும். மறந்துவிட்டால் நோயாளி அடுத்த தெருவில் வெறும் திரையைப் பார்த்து நிற்பார்.

அட்டை வழியின் எளிமைக்கும் ஒரு விலை உண்டு. அட்டையைச் செருகினால் அந்த நோயாளியின் இன்னும் மருந்து வாங்காத சீட்டுகள் அத்தனையும் மருந்தகத்துக்குத் தெரியும். தலைவலி மாத்திரையைப் பக்கத்துத் தெருவிலும், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைக்கும் மருந்தைப் பக்கத்து ஊரிலும் வாங்கிய பழக்கத்துக்கு இங்கே இடமில்லை. அப்படிப் பிரிக்க விரும்பினால் செயலிக்கோ காகிதத்துக்கோதான் போக வேண்டும். மறுபக்கம், பேரன் பாட்டியின் அட்டையைக் கொண்டுபோய் மருந்து வாங்கும் பழைய வசதி அப்படியே தங்கியது. நாள்பட்ட நோயாளிகளுக்கு லாபம் அதிகம். காலாண்டுக்கு ஒருமுறை அட்டையை மருத்துவரிடம் காட்டியிருந்தால், அடுத்த சீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னால் போதும், நேரே மருந்தகம் போகலாம். ஒரே மருந்தை ஓர் ஆண்டுக்குள் நான்கு முறை வரை பெறும் தொடர்சீட்டும் எழுதலாம்.

மருந்தகத்தின் பயம்: பணம் வராமல் போவது

மருந்தாளுநர்கள் நடுவே அதிகம் பேசப்பட்ட சொல் ரிடாக்ஸ். சீட்டில் ஏதாவது வடிவப் பிழை இருந்தால், மருந்து சரியாகக் கொடுத்திருந்தாலும் காப்பீட்டுக் கழகம் பணத்தைப் பிடித்துவைக்கும். பல ஆயிரம் யூரோ விலையுள்ள மருந்தென்றால் சிறு கடைக்கு அது தாங்காத அடி. 2023இல் ஒரு சட்டம் இந்த அதிகாரத்தை ஓரளவு கட்டுப்படுத்தியது, பயம் போய்விடவில்லை.

மின்சீட்டு வந்தால் வடிவப் பிழையே இருக்காது என்றுதான் நம்பினார்கள். கட்டாயப் புலத்தை நிரப்பாமல் அனுப்பவே முடியாதே! ஆனால் மருத்துவரின் தொழிற்பெயர் போன்ற சில விவரங்கள் மென்பொருளில் சுதந்திரமாக எழுதும் பெட்டியாக இருந்தன. சிலர் காலியாக விட்டார்கள், சிலர் சம்பந்தமில்லாததை எழுதினார்கள். மையம் அதை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட சீட்டைக் காட்டி, "தொழிற்பெயர் இல்லாததால் பணம் தரமாட்டார்களோ" என்று மருந்தகங்கள் கவலைப்பட வேண்டியதாயிற்று. மையக் கணினி கையொப்பத்தையும் தரவின் அமைப்பையும் சரிபார்த்தது, மருந்துச்சீட்டு ஒழுங்குமுறையின் எல்லா வரிகளையும் சரிபார்க்கவில்லை. யார் எழுதியதில் குறை இருந்தாலும் அபராதம் கொடுப்பவர் மருந்து கொடுத்தவரே என்ற பழைய ஏற்பாடு புதிய முறைக்கும் தாவிக்கொண்டது. இதை விதி வகுக்கும் கட்டத்திலேயே தீர்த்திருக்கலாம்: மையம் ஏற்ற சீட்டு வடிவ அளவில் செல்லுபடியாகும் என்று ஒரே வாக்கியம்.

விட்டுப்போனவை

முதியோர் இல்லங்கள் இந்த விதிகளில் பொருந்தாமல் தவித்தன. அங்கே நோயாளி மருந்தகத்துக்குப் போவதில்லை. இல்லத்தின் ஊழியர் மருத்துவரிடம் கேட்டு வாங்கிய சீட்டுக் கட்டு மருந்தகத்துக்குப் போகும், மருந்து இல்லத்துக்கு வரும். நூறு பேரின் அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு மருந்தகம் போக முடியுமா? அதனால் முதியோர் இல்லத்துக்கும் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நோயாளிக்கும் ரோஸ் சீட்டு விதிவிலக்காகத் தொடர்ந்தது. வலைப்பின்னல் கோளாறு ஏற்படும் நேரங்களிலும் அதுவே கைகொடுத்தது. தொடக்க மாதங்களில் கோளாறுகளுக்குப் பஞ்சமில்லை.

இணைய மருந்தகங்களுக்கு அட்டையைச் செருக இடமில்லை. அவர்களுக்காக 2024 வசந்தத்தில் கார்ட்லிங்க் என்ற வழி வந்தது: கைபேசியின் பின்புறம் அட்டையை ஒட்டிப் பிடித்தால், ரகசிய எண் இல்லாமலே சீட்டு இணைய மருந்தகத்துக்குத் திறக்கும். டாக்மாரிஸ் என்ற இணைய மருந்தகம் அந்த ஏப்ரலில் தொடங்கிவிட்டது. தரகுத் தடையால் காக்க நினைத்த ஊர் மருந்தகங்கள் இதை எதிர்த்தன. அட்டை வைத்திருப்பவர் அட்டைக்கு உரியவர்தானா என்ற கேள்வி, மருந்தாளுநர் முகம் பார்க்காத இந்த வழியில் மறுபடி எழுகிறது.

மார்ஃபின் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளும் தாலிடோமைடு வகை மருந்துகளும் கட்டாயத்துக்குள் வரவில்லை. அவற்றுக்குத் தனித்தனிச் சிறப்புப் படிவங்கள், கட்டுப்பாட்டு மருந்துக்கு எண்ணிட்ட மூன்று பிரதிகள், கைப்படக் கையெழுத்து. தவறான கைக்குப் போகக் கூடாது என்று மிகவும் கவலைப்பட வேண்டிய மருந்துகளுக்கு, 2024 தொடங்கியபோதும் காகிதத்தையே நம்பினார்கள்.